மூன்று அமுக்குப்பைகள்

இரண்டாவது பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதும் கடையில் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எத்தனை லிட்டர்?

பெட்டிக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்ன பால் வாங்கவா வந்திருக்கிறான்? பைக்கும் லிட்டர் கணக்குத்தானாம். மலையேறப் போகிறவர்கள் துணிமணியையும் படுக்கையையும் உள்ளே திணித்து, வார்களை இழுத்து இறுக்கி, பாதியாகச் சுருக்கித் தூக்கிக்கொண்டு போகிற பை அது. கடைப் பலகையில் 'கம்ப்ரஷன் சாக்' என்று எழுதியிருந்தது. வீட்டில் அதற்கு அமுக்குப்பை என்று பெயராகிவிட்டது. பெயர் வைத்தவன் மச்சினன்.

விற்பனைப் பெண் பதிலுக்குக் காத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க அமுக்குப்பைகள் தொங்கின. ஆரஞ்சு, நீலம், சாம்பல். எல்லாவற்றுக்கும் உள்ளே காகிதத்தைக் கசக்கித் திணித்துக் கொழுகொழுவென்று வைத்திருந்தார்கள். காகிதத்தை அமுக்க யாருக்குத்தான் தெரியாது?

முதலில் வாங்கியது தண்ணீர் புகாத பை. வாயைச் சுருட்டி மூடி மேலே உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் காற்று அடியிலுள்ள சின்ன மூடி வழியாகப் போய்விடும் என்றார்கள். போகத்தான் செய்தது. அவன் முழங்காலை ஊன்றி அதன்மேல் கிடந்தவரைக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி உப்பிக் கிடந்தது. அடுத்தது நாலு வார் வைத்த பை. அது அமுங்கியது. கல்லாக அமுங்கியது. கடைசி இழுப்பில் கொக்கி தெறித்துக் கூடத்து விளக்கில் பட, பையும் போயிற்று, விளக்கும் போயிற்று.

வாங்கிய பொருளை மாற்றித் தருவார்களே தவிரத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது கடையின் சட்டம். ஒரு பையைக் கொடுத்தால் இன்னொரு பையோடுதான் வெளியே வர வேண்டும். விற்பனைப் பெண் மூன்றாவதாக ஒன்றை எடுத்து அதன் சீட்டைப் படித்தாள். இது உருண்டையாக வராது, நீளமாக வரும், பிரெட் பாக்கெட் மாதிரி இருக்கும் என்றாள். சீட்டில் எழுதியிருப்பதைத் தவிர அவளுக்கு அந்தப் பையைப் பற்றி வேறெதுவும் தெரியாது என்பது அவள் படித்த விதத்திலேயே தெரிந்தது. அவனுக்கும் தெரியாது. வாங்கிக்கொண்டான்.

பில் போடும்போது அவள் நல்ல எண்ணத்தில்தான் ஒன்று சொன்னாள்.

"இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு, சின்னதா மடங்குற புது ஸ்லீப்பிங் பேக்கே எடுத்துக்கலாமே சார். அந்தப் பழசு எதுக்கு?"

"அது பழசு இல்ல," என்றான்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பில்லை நீட்டினாள்.

பழசில்லைதான். ஒரே ஒரு ராத்திரி பயன்பட்ட பொருள். வாத்தின் மெல்லிறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக். வீட்டில் அதற்கு இறகுப்பை என்று பெயர். அவன் மனைவி வாங்கியது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. விடுமுறை விட்டால் போதும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவாள். உயரத்தில் ஓர் ஏரி இருக்கிறது, விடியற்காலையில் கரையெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும், அங்கே ஒரு ராத்திரி வெளியில் தூங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அந்தப் பையை வாங்கினாள். வாங்கிய அன்றே சோதித்துப் பார்த்தாள். கூடத்தில் ஏசியைக் கடைசிப் புள்ளிக்கு வைத்துவிட்டு, தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, தரையில் விரித்துப் படுத்தாள். அவன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான். காலையில் வியர்த்து வழிய எழுந்து வந்து, பை பாஸாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஏரிக்குப் போகவில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அவளோடு மலையேறுகிற கூட்டம் இந்த வருஷம் ஏரிக்குக் கிளம்பியது. கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல் டாக்டர். அவன் பெயரும் மனைவி பெயரும் அப்போதே கொடுத்துவைத்தவை. உங்கள் பெயரை அடித்துவிடவா என்று டாக்டர் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, வேண்டாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்று கேட்டால் அவனிடம் பெரிய பதிலெல்லாம் இல்லை. அந்தப் பை ஏரியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அக்கா போக நினைத்த இடம் என்று மச்சினனும் பெயர் கொடுத்தான்.

சிக்கல் என்னவென்றால் டாக்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. முன்பொரு தடவை பாறையோரத்துக் குறுகிய பாதையில் ஒருவர் பைக்கு வெளியே கட்டியிருந்த பாய் பாறையில் மாட்டி, ஆளையே பள்ளத்துப் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து பைக்கு வெளியே ஒரு கயிறுகூடத் தொங்கக் கூடாது. எல்லாம் உள்ளே. பை மூட வேண்டும். அவரவர் படுக்கையை அவரவர்தான் சுமக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டரின் கிளினிக்கில் பைகளைச் சோதிப்பார்கள். தேறாதவர்கள் வீட்டில் இருக்கலாம்.

சோதனை நாளைக்கு.

வீட்டுக்கு வந்தபோது மச்சினன் ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன், நல்ல ஆகிருதி, குடும்பத்துக்கு இன்னமும் சின்னவன். அவனுடைய பை மூலையில் மூடிய நிலையில் நின்றது. அதில் பாதி தின்பண்டம் என்பது பையைத் தூக்கினாலே சலசலத்துச் சொல்லிவிடும். கூடாரம் பெட்டிக்காரன் பொறுப்பு, அடுப்பும் சாப்பாடும் சின்னவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு என்ற சொல்லைச் சின்னவன் அகலமாகப் புரிந்துகொண்டிருந்தான்.

இருவருமாக இறகுப்பையை மூன்றாவது அமுக்குப்பைக்குள் தள்ளினார்கள். பெட்டிக்காரன் வாரை இழுத்தான். சின்னவன் மேலே உட்கார்ந்தான். சொன்னபடி நீளமாகத்தான் வந்தது. நீளமாக வந்ததால் முதுகுப்பையின் வாய்க்குள் படுக்கைவாட்டில் போகவில்லை. நிமிர்த்திவைத்தால் பாதிப் பையை அதுவே எடுத்துக்கொண்டது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு இடம் சும்மா கிடந்தது. ஆனால் அந்த இடத்தில் பாத்திரமும் நுழையவில்லை, கூடார மூட்டையும் நுழையவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தலைகீழாக அடுக்கினான். பிறகு பக்கவாட்டில். பிறகு கூடாரத்தை அடியில் போட்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு பொருள் மிச்சமாகி வெளியே நின்றது. ஒவ்வொரு தடவையும் வேறு பொருள்.

அவனைப் போன்ற ஒருவனுக்கு இது மானப் பிரச்சினை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி வடிவமைப்பதுதான் அவன் தொழில். மின்விசிறி, கண்ணாடிக் குவளை, செருப்பு, எதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் அது அசையாமல் உட்காருகிற பெட்டியை வரைந்து தருவான். பெட்டிக்காரன் என்ற பெயர் அவள் வைத்ததுதான். போனை எடுத்தாலே, என்ன பெட்டிக்காரரே, என்பாள். கம்பெனிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் உண்டு: காற்றை அனுப்பாதே. பெட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் லாரி காற்றைத்தான் சுமந்து போகிறது என்று அர்த்தம். அந்த வாசகத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிறவனால் ஒரே ஒரு பையை மூட முடியவில்லை.

"அத்தான், என்னை உள்ள வெச்சு இதை நீங்க தோள்ல போட்டுக்கிட்டா சரியா வரும்," என்றான் சின்னவன்.

பெட்டிக்காரன் சிரிக்கவில்லை. அமுக்குப்பையின் வாரை அவிழ்த்து, இறகுப்பையை உருவித் தரையில் போட்டான்.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தார். அடுத்த தெருவில்தான் வீடு. சாவி அவரிடமும் ஒன்று உண்டு. மகள் போன பிறகும் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கண். அந்தக் கண் தரையில் கிடந்த பையில் போய் நின்றது. குனிந்து, நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு கையால் அழுத்தினார். இன்னோர் இடத்தில் அழுத்தினார்.

"மாப்பிள்ளை, இது ஏன் இப்படிச் சப்பையா கெடக்கு?"

இப்போதுதான் பையிலிருந்து எடுத்தோம், கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும் என்றான்.

"இத்தனை நாளா எதுல வெச்சிருந்தீங்க?"

பரணில், என்றான். எதில் என்று மறுபடி கேட்டார். கடையில் அதோடு கொடுத்த சின்னப் பை ஒன்று இருந்தது, அதில் நன்றாக இறுக்கி வைத்திருந்தேன், இறக்கும்போது அது கிழிந்துவிட்டது என்றான். சொல்லும்போதே குரல் கீழே இறங்கியது. எப்போதிலிருந்து என்று அத்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

காரியத்துக்கு வீடு நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் படுக்க இடம் வேண்டியிருந்தது. அலமாரியை ஒழித்தான். அவனுக்கு அன்று செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். எல்லாரும் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அவன் சாமான்களை மடித்தான், அடுக்கினான், கட்டினான். அலமாரிக்குள் பெரிய பருத்திப் பை ஒன்றில் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருந்த இறகுப்பையை எடுத்து, சின்னப் பைக்குள் திணித்து, வாரை அடிவரைக்கும் இழுத்தான். பெரிய தலையணை அளவு இருந்தது தேங்காய் அளவுக்கு வந்தது. நேர்த்தியான வேலை. பரணில் தூக்கி வைத்தான்.

"இதை ஒரு தடவை நான் மடிச்சு வெச்சதுக்கு என்கிட்ட சண்டைக்கு வந்தா," என்றார் அத்தை. "அமுக்கி வெச்சா இறகு செத்துடும்மா, அது மூச்சு விடணும், தொங்கத்தான் விடணும்னா. அதுக்குன்னே ஒரு துணிப்பை வெச்சிருந்தாளே, பெருசா."

அந்தத் துணிப்பை குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவன் அதில் அழுக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தான்.

பெட்டிக்காரன் இறகுப்பையைக் கட்டில்மேல் விரித்து, ஓர் ஓரத்தைப் பிடித்து உதறினான். மறுபடி உதறினான். உள்ளே இறகு சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு தையலின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சில இடங்களில் துணிக்குள் ஒன்றுமே இல்லை. உறைபனியில் இதற்குள் படுப்பதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதும் ஒன்றுதான். டாக்டர் கையை வைத்தாலே சொல்லிவிடுவார். இத்தனை நாளாக அவன் சண்டை போட்டது பையின் அளவோடு. பை உள்ளே செத்துக் கிடந்தது தெரியாமல்.

உதறிக்கொண்டே இருந்தான். சின்னவன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெட்டிக்காரன் மூன்றாவது அமுக்குப்பையை எடுத்துச் சுவரில் வீசினான். அது எடையில்லாத பொருள். பாதி வழியிலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக இறங்கி, சின்னவன் மடியில் விழுந்தது. கோபத்துக்குக்கூட உதவாத பை.

அத்தை இறகுப்பையை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"எரிச்சலை இது மேல காட்டாதீங்க. சலவைக்கடையில பெரிய டிரையர் இருக்குல்ல? அவளோட பழைய பையை அதுல போட்டு, சூட்டைக் கம்மியா வெச்சு, உள்ள பந்து போட்டு ஓட்டுவா. பந்து அடிச்சு அடிச்சு இறகைப் பிரிச்சு விட்டுடும்னு சொல்லுவா. நான் நம்பல. இப்ப போட்டுப் பாப்போம்."

பந்துக்குப் பஞ்சமில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வலை நிறைய டென்னிஸ் பந்துகள் அவள் வைத்தபடியே இருந்தன. சாயம் ஒட்டக் கூடாது என்று சின்னவன் ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டான்.

சலவைக்கடை தெருமுனையில் இருந்தது. நாணயம் போட்டு நாமே ஓட்டிக்கொள்கிற கடை. சுவரில், இயந்திரத்துக்குள் செருப்பு, பூட்ஸ் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. பந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று சின்னவன் ஒருதரத்துக்கு இருதரம் படித்து உறுதி செய்தான். இறகுப்பையை உள்ளே போட்டு, பந்துகளைப் போட்டு, கதவைச் சாத்தினார்கள். மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

தொம், தொம் என்று சத்தம் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். பெட்டிக்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்பின் பின்சுவரில் அவள் பந்தடிப்பாள். மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து கத்துவார். சமாதானம் பேசப் போவது அவன் வேலை. மேல்வீட்டுக்காரர் இப்போது ஜன்னலைத் திறப்பதேயில்லை.

முதல் ஓட்டம் முடிந்து எடுத்துத் தொட்டுப் பார்த்தார்கள். உருண்டைகள் அப்படியே இருந்தன. அவனுக்கு வந்த ஆத்திரத்தில் இயந்திரத்தையே உதைத்திருப்பான். அத்தை மறுபடி நாணயம் போட்டார். அடுத்த ஓட்டத்தில் சின்னவன் வாய் பிளந்து தூங்கிப்போனான். அதற்கடுத்த ஓட்டத்தில் சத்தம் மாறியது. தொம் என்பது மழுங்கி, மெத்தையில் யாரோ குதிப்பது போலக் கேட்டது. பெட்டிக்காரன் எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தான். சற்று முன்புவரை ஈரத்துணி போல மூலையில் புரண்டுகொண்டிருந்தது இப்போது வட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு சுற்றியது. பந்துகளைக் காணவே முடியவில்லை.

கதவைத் திறந்து அத்தைதான் எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தார். சூடாக, புஸுபுஸுவென்று, அவர் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. பிரசவ வார்டில் எத்தனையோ தடவை செய்த பழக்கத்தில் அதை அவனிடம் நீட்டினார்.

"தலைப்பக்கம் புடிங்க."

பிடித்தான். வீடு வரைக்கும் அதைக் கீழே விடவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு வந்து முதுகுப்பையின் முன் உட்கார்ந்தான். இறகுப்பை கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் ராத்திரி முழுக்கக் கிடந்து இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தது. முழுசாகத் தேறியது என்று சொல்ல முடியாது. கால்பக்கம் இரண்டு மூன்று இடங்கள் இன்னும் சோனியாகத்தான் இருந்தன. ஆனால் கையை வைத்தால் கை புதைந்தது. எடுத்தால் கையின் பள்ளம் மெல்ல நிரம்பியது.

மூன்றாவது அமுக்குப்பையின் வாயை விரித்தான். கால்பக்கத்தை உள்ளே விட்டான். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினான். நேற்றைவிட இரண்டு மடங்கு முரண்டு பிடித்தது. எப்படியோ உள்ளே போயிற்று. வாரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். பை இடுப்பொடிந்தாற்போல் உள்வாங்கியது. அடுத்த இழுப்புக்குக் கை வரவில்லை.

பிறகு வாரைத் தளர்த்தி, எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டான்.

சின்னவன் அப்போதுதான் மருந்துக்கடையிலிருந்து வந்தான். நிலைமையைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அத்தான், ஒரு பகல்தானே உள்ள இருக்கப் போகுது. மேல போய்ப் பிரிச்சு விட்டா எந்திரிச்சுரும். எல்லாரும் அப்படித்தான் கொண்டு போறாங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

"மாட்டேன்."

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல செக்கிங். மூடலைன்னா அந்தம்மா உங்களை விட்டுட்டுப் போயிரும். என்னையும் சேர்த்து வையும்."

சின்னவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பகல் அமுங்கிக் கிடந்தால் இறகு ஒன்றும் சாகாது. மனைவியே எத்தனையோ மலைக்குத் தன் பழைய பையை அமுக்கித்தான் கொண்டுபோயிருப்பாள். எல்லாம் தெரிந்துதான் கை மறுத்தது. கையிடம் நியாயம் பேச முடியுமா?

சமையலறைக்குப் போய்ப் பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றை எடுத்துவந்தான். மழை வந்தாலும் நனையாதபடி அதை முதுகுப்பைக்குள் விரித்தான். சின்னவனோடு கூடவே வந்திருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"குப்பைப் பையிலயா மாப்பிள்ளை?"

"புதுசு அத்தை."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இறகுப்பையை மடிக்கவில்லை, சுருட்டவில்லை. கால்பக்கத்தைப் பிடித்துத் திறந்த வாய்க்குள் அப்படியே விட்டான். கைகளை மடக்கிக் குத்தினான். இரண்டு நாள் எரிச்சல் முழுவதும் அந்தக் குத்தில் இருந்தது. ஆனால் வார் போட்டு இறுக்குகிற மாதிரி இல்லை. குத்தினால் ஒதுங்கியது, எடுத்தால் திரும்பி வந்தது. அடியில் இருந்த மூலைகளுக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்மேல் துணிகளை, அவற்றையும் பையில் போடாமல், அப்படியே கொட்டினான். கூடாரத்தை அதன் உறையிலிருந்து உருவி ஒரு பக்கமாக வார்த்தான். கம்பிகளை ஓரத்தில் செருகினான். பாத்திரத்தை நடுவில் வைத்து அழுத்தினான். அழுத்தின இடத்தில் இறகு பள்ளமாகிப் பாத்திரத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, சுற்றிலும் எழும்பி அதைப் பிடித்துக்கொண்டது.

பெட்டிக்காரன் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இடைவெளி எங்கேயும் இல்லை. அவனுடைய கம்பெனியில் இப்படி ஒரு பொருளை யாரும் இதுவரை மேசையில் கொண்டுவந்து வைத்ததில்லை.

குப்பைப் பையின் வாயை முறுக்கினான். முதுகுப்பையின் மூடியை இழுத்தான். கொக்கி மாட்டியது.

மறுபடி கழற்றி மாட்டிப் பார்த்தான். மாட்டியது.

அழகு என்று சொல்வதற்கில்லை. அங்கங்கே புடைத்துக்கொண்டு, வீங்கிய கன்னம் மாதிரி இருந்தது. பல் டாக்டரிடம் கொண்டுபோகப் பொருத்தமான பைதான் என்றான் சின்னவன். மிச்சமாகிப்போன அமுக்குப்பைக்குள் தன் தின்பண்டங்களைக் கொட்டி அவனே வாரை இழுத்துக்கொண்டான். உள்ளே எல்லாம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. மலையில் போய் ஸ்பூனால் தின்பதாகச் சொன்னான்.

கிளினிக்கில் நோயாளிகள் போன பிறகு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு பையாகத் தூக்கினார், குலுக்கினார், சுற்றிவந்தார். ஒருவர் பையில் தண்ணீர்க் குப்பி வெளியே தொங்கியது. அதை அறுத்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். சின்னவனின் பையைத் தூக்கியபோது அது கரகரத்தது. டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் பல்லைக் காட்ட வா என்றார்.

பெட்டிக்காரனின் பைக்கு வந்ததும் நின்றார்.

"என்ன பெட்டிக்காரரே, உங்க பைதான் நூல் புடிச்ச மாதிரி இருக்கும்னு நெனச்சேன்." பையின் பக்கம் திரும்பி, "வாயைத் திறங்க," என்றார்.

திறந்தான். டாக்டர் கையை விட்டுத் துழாவினார். பாத்திரத்துக்கு அடியில், துணிகளுக்கு அடியில், முழங்கை வரைக்கும் போயிற்று. அங்கே கை நின்றது. அவருக்கு அந்தப் பையைத் தெரியும். அதை வாங்கக் கடைக்குக் கூடப் போனவர் அவர்தான்.

"இதை எதுலயும் போடலையா?"

"இல்ல."

"அமுக்குற பை எதுவும் வாங்கலையா?"

"மூணு வாங்கினேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தார். பிறகு எடுத்து, குப்பைப் பையின் வாயைத் தானே முறுக்கி, மூடியைப் போட்டு, கொக்கியை மாட்டினார். பையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"போலாம்," என்றார். "விடிகாலையில வண்டி. இப்படியே மூடி வாசல்ல வெச்சிட்டுப் படுங்க எல்லாரும். காலையில அதைத் தேடுறேன் இதைத் தேடுறேன்னு யாரும் நிக்கக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன் தன் பையை வாசற்கதவோரம் நிறுத்திவிட்டு, அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தான். பெட்டிக்காரன் பையோடு நேராகப் படுக்கையறைக்குப் போனான். கொக்கி கழலுகிற சத்தம் கேட்டுச் சின்னவன் எழுந்து வந்து கதவில் நின்றான்.

பாத்திரம் வெளியே வந்தது. கம்பிகள் வந்தன. கூடாரம், துணிகள். கடைசியாக இறகுப்பையை இழுத்தெடுத்து, ஓர் உதறு உதறி, கட்டிலில் அவள் பக்கம் விரித்தான்.

"அத்தான், மறுபடியும் முதல்லேருந்தா?"

"காலையில அடைச்சுக்கலாம்."

"நாலு மணிக்கு எந்திரிக்கணும்."

"மூணுக்கு எந்திரிக்கிறேன்."

சின்னவன் ஏதோ முனகிக்கொண்டே கூடத்துக்குப் போனான். பெட்டிக்காரன் கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, பையின் கால்பக்கத்தில் சோனியாக இருந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் பிரித்துவிடத் தொடங்கினான்.